தேங்காய் எண்ணெய் என்று நான் சொன்னது

அன்றைக்கு அந்த ரூமில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த இரண்டு பேர். சாத்தூர்ப் பக்கம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை. பெயின்ட் ஷாப்காரன் ஒருவன், திருநெல்வேலி, வாய் ஓயாது. கண்ணாடிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன் ஒருவன், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், தூங்கவில்லை. அறந்தாங்கிக்காரன் ஒருவன், கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது, எல்லோருடைய கேலியும் அவன் மேல்தான். ஷிஃப்ட் வேன் ஓட்டுகிற டிரைவர், உள்ளூர் ஆள், வாசற்படியில் குந்தியிருந்தார். அப்புறம் நான்.

ஏழு பேர்.

சுங்குவார்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

நீங்கள் எல்லாம் படித்துவிட்டு இந்த எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் ஐந்தாவது வரைதான். ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருந்தேன். லாரிக்காரர்கள் வந்து நிற்கிற இடம் என்பதால் தொண்டு நிறுவனத்து ஆட்கள் காண்டம் பெட்டியைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, "நீங்களே ஃபீல்டுக்கு வாங்க" என்றார்கள். போனேன். எனக்குப் பேச வராது. ஆனால் ஆண்கள் கூச்சப்படாமல் என்னிடம் கேட்டார்கள். கையில் கிரீஸ் இருக்கிறவனிடம் யாருக்கும் கூச்சம் வராது போல.

அந்த ரூமில் பத்துப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். பாய் ஐந்துதான். டே ஷிஃப்ட் போகிறவன் எழுந்ததும் நைட் ஷிஃப்ட் முடித்தவன் அதே பாயில் படுப்பான். எந்த நேரம் போனாலும் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். இதை ஞாபகம் வையுங்கள். பின்னால் இதுதான் என்னை அலைய வைத்தது.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். உறை ஏன் போட வேண்டும், தேதி எங்கே பார்ப்பது, பல்லால் கிழிக்காதே, நுனியில் காற்றை அமுக்கி விட்டுப் போடு, ஒன்றின் மேல் ஒன்று இரண்டு போடாதே. எச்ஐவிக்கு மட்டும் இல்லை, வெட்டை, மேகப்புண் இதற்கெல்லாமும் இதுதான் தடுப்பு. உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் உறை மட்டும் போதாது, டாக்டரிடம் போ. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

அப்போது பெயின்ட் ஷாப்காரன் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுததெல்லாம் சரி. காஞ்சுல்லா போவுது. காஞ்சா எரியும்லா. அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒனக்கு எப்படிடா தெரியும்?" என்றான் சாத்தூர்க்காரரில் மூத்தவன். "நீதான் பச்சப்புள்ளயாச்சே."

"ஏ, நான் மாப்பிள்ளைக்காகக் கேக்கேன்லே."

அறந்தாங்கிக்காரன் தலையைக் குனிந்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் முதுகு குலுங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் எனக்குத் தெரியாது. டிரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

ஏழு பேர் இருக்கிற ரூமில் ஆறு பேர் உங்கள் வாயைப் பார்க்கும்போது "தெரியாது" என்று சொல்வது கஷ்டம். செய்து பாருங்கள், தெரியும்.

நான் சொன்னேன்: "தேங்காயெண்ணெ ரெண்டு சொட்டு வுட்டுக்க. வழுக்கிக்கினு பூடும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "தலைக்கே எண்ணெய் இல்லாம காஞ்சு கெடக்கோம், அதுக்கு எண்ணெயா" என்றான் இளையவன். அதற்கும் சிரித்தார்கள். கூட்டம் நன்றாகப் போனது என்று நினைத்தேன். கொண்டு போன பாக்கெட் எல்லாம் தீர்ந்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ரெண்டு மணி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

பேச்சு எடுபட்டதால் அடுத்த நாலு வாரமும் போன ரூமில் எல்லாம் அதையே சொன்னேன். சிரிப்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

இனி டிரைவர். பேர் சொல்ல மாட்டேன். அவர் மனைவி பேரும் சொல்ல மாட்டேன். நம் வேலையில் பேர் சொல்லக்கூடாது, இத்தனை வருஷம் கழித்தும்.

முன்பு அவர் லாங் லாரி ஓட்டினார். அப்போதே ஒரு தடவை புண் வந்திருக்கிறது. லாட்ஜ் பக்கத்தில் ஒருத்தரிடம் ஊசி போட்டுக்கொண்டு விட்டுவிட்டார். புண் இருந்தால் எச்ஐவிக் கிருமி உள்ளே போக வழி சுலபம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணம், ஒரு பெண் குழந்தை, லாரியை விட்டு வேன். அந்த ரூம் கூட்டத்துக்கு முன்பே நான்தான் அவரை டெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு இருந்தது. மனைவிக்கு இல்லை. மூன்று மாசம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

அந்த இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று அவர் மனைவி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டாள்.

"ணா, இந்த உறைய நம்பலாமாணா?"

"நம்பலாம். தெனம், ஒவ்வொரு தபாவும், சரியா போட்டா நம்பலாம்."

"அப்ப நானு என் வூட்ல இருந்துக்குறேன். எங்கம்மா வூட்டுக்குப் போவல."

என் வார்த்தையை வைத்துத்தான் அவள் அங்கே இருந்தாள்.

அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. வண்டிக்குப் போடுகிற சின்னச் சின்ன ரப்பர் வளையம், சீல். அச்சிலிருந்து வருவதைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்கிற மேசை.

நான் அந்த ரூமில் பேசி ஐந்து வாரம் இருக்கும். சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மேல்கோட்டுகூடக் கழற்றவில்லை. நேராக வந்தாள்.

"ணா, நீ சொன்னியா?"

அதுவரைக்கும் என்னை நீங்க என்றுதான் சொல்வாள்.

"இன்னாத்த?"

"எண்ணெ."

டீக்கடையில் ஆள் இருந்தது. பாலத்துப் பக்கம் நடந்தோம்.

"தலைக்கு வெக்கிற எண்ணெ பாட்டிலு பட்க்கிற எடத்துக்கு வந்துச்சி. இன்னாயா இதுன்னு கேட்டேன். வழுக்குறதுக்குன்னாரு. சரி, ஆம்பளைங்களுக்கு இன்னாமோ தெரிஞ்சிருக்கும்னு வுட்டேன். முந்தாநேத்து உறை கீஞ்சிப் போச்சி. இன்னாயான்னா, இது ரெண்டாவது தபான்றாரு. மொதோ தபா என்கிட்ட சொல்லவே இல்ல. சரக்கு மட்டம்னு நெனச்சிக்கினாராம்."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள்.

"எங்க லைன்ல தலைக்கு எண்ணெ வெச்சிக்கினு போனா உள்ளயே வுட மாட்டான். தெரியுமா ஒனக்கு? கைய மோந்து பாப்பான் சூப்பர்வைசரு. எண்ணெக் கையோட தொட்டா அந்த ட்ரே மொத்தமும் ரிஜெக்டு. சில ரப்பரு எண்ணெ பட்டா உப்பிக்கும், நஞ்சிப் பூடும். புதுசா வர்ற பொண்ணுக்கு மொத நாளே அத்ததான் சொல்லிக் குடுக்குறாங்க. நீ இதுக்குப் போயி எண்ணெ வெக்கச் சொல்லிக்கிற."

"இதுவும் அந்த ரப்பரான்னு..."

"எனக்குந் தெரியல. நாளைக்கு எனக்கு வீக்லி ஆஃப். நாலு பீஸ் எத்துக்கினு வூட்டுக்கு வா. பாத்துடலாம்."

மறுநாள் காலை போனேன். குழந்தை ஸ்கூலுக்குப் போயிருந்தது. டிரைவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து "வாண்ணா" என்றார், அவ்வளவுதான். ஸ்டவ்வில் உலை இருந்தது.

அவள் நாலு உறையையும் பிரித்தாள். கம்பெனி மேசையில் பிரிப்பது போலவே, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒரே அளவு ஊதச் சொன்னாள். நான் ஊதினேன், டிரைவர் நூல் கட்டினார். ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். இரண்டில் எண்ணெய் தடவினாள். இரண்டில் வெறும் தண்ணீர்.

"ரெண்டு ரெண்டு சாம்பிள் வெக்கணும். ஒண்ணு மட்டும் வெச்சா தற்செயலும்பாங்க."

அப்புறம் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

உலை ஒரு கொதி வருவதற்குள் முதலாவது வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. தண்ணீர் தடவிய இரண்டும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன.

டிரைவர் எழுந்து வெளியே போனார்.

ஒன்று சொல்கிறேன். நான் பதினெட்டு வருஷம் ட்யூப் ஒட்டியவன். கிரீஸோ டீசலோ பட்ட ட்யூப் இளகி உப்பிப் போகும், அதில் பேட்ச் நிற்காது. எண்ணெய்க் கையோடு வருகிறவனைக் கடையில் எதையும் தொட விடமாட்டேன். கைக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ரூமில் வாய் முந்திக்கொண்டது.

"தப்பு என்னுது" என்றேன்.

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. எத்தினி பேருக்குச் சொன்ன?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒம்பது ரூமு. ரூமுக்கு அஞ்சாறு பேரு."

"என்னுது மூணு மாசத்துல தெரிஞ்சிடும். அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க? அவங்களும் சரக்கு மட்டம்னு நெனச்சிக்கினு தூக்கிப் போட்டுட்டு வெறுமனே போவாங்க."

சோறு பொங்கியது. இறக்கி வைத்தாள். "சாப்டுட்டுப் போ" என்றாள். சாப்பிட்டேன். வேண்டாம் என்று எழுந்திருந்தால் அது இன்னும் பெரிய தப்பாக இருந்திருக்கும்.

ஆபீசில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்கிற மேடத்திடம் சொன்னேன். என்னைவிட இருபது வயசு சின்னவர். பட்டணத்தில் படித்தவர். வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று நினைத்துத்தான் போனேன். ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"எண்ணெய் எதுவுமே கூடாதுண்ணா. வாசலீனும் கூடாது. மெடிக்கல் ஷாப்ல தண்ணியில செஞ்ச ஜெல் இருக்கு, அதுதான். டிரெய்னிங்ல சொன்னோமே."

"கேட்டிருப்பேன். வுட்டுட்டேன்."

"எல்லா ரூமுக்கும் வேற ஆளை அனுப்பட்டுமா?"

"நான் சொன்னத நானே போயி மாத்துறேன்."

"ஒரு வாரத்துல முடியணும்."

"பாதிப் பேரு நைட் ஷிஃப்ட். வாரம் மாறினா பாதி மாறும். ரெண்டு வாரம் ஆவும்."

"சரி" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பேன்.

அன்றே தங்கச்சியை ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கிற மையத்துக்குக் கூட்டிப்போனோம். மூன்றாவது டெஸ்ட். இல்லை என்று வந்தது. கவுன்சிலர் அவளிடம் உள்ளதைச் சொன்னார். கிருமி போயிருந்தாலும் இந்த டெஸ்டில் இப்போது தெரியாது. மூன்று மாசம் பொறுக்க வேண்டும். ஒரு தடவை கிழிந்தால் கட்டாயம் வந்துவிடும் என்று இல்லை. வராது என்று சொல்லவும் முடியாது. இன்றைக்கு இப்படி நடந்தால் நீங்கள் அவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், தடுக்கிற மாத்திரை உண்டு, மூன்று நாளைத் தாண்டினால் அது உதவாது. அன்று எங்கள் பக்கம் அப்படி ஒன்று இல்லை. காத்திருப்பதுதான்.

நான் ரூம் ரூமாகப் போனேன். அவள் செய்து காட்டியதையே செய்தேன். இரண்டு ஊதி, துணி காயப்போடுகிற கொடியில் கட்டி, ஒன்றில் எண்ணெய். வெடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பேச வராது என்பது அன்றைக்கு உதவியது. வெடித்த பிறகு, "நான் சொன்னது தப்பு. எண்ணெய் ஆகாது" என்பேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கச்சி சொன்னது ஒரு ரூமில் நடந்திருந்தது. இரண்டு பேருக்குக் கிழிந்திருக்கிறது. இது வேலைக்கு ஆகாது என்று மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டிருந்தார்கள். எடுக்க வைத்தேன். தேதி பார்த்து நல்லதைத் திரும்பக் கொடுத்தேன். அதில் ஒருவன் பின்னாலேயே படியிறங்கி வந்து, சிறுநீர் போனால் எரிகிறது, சீழ் வருகிறது என்றான். மறுநாள் ஆஸ்பத்திரி. வெட்டைநோய். மாத்திரையில் சரியாகிவிட்டது. எச்ஐவி டெஸ்டும் எடுத்தான், இல்லை. தப்பைச் சொல்லப் போன இடத்தில்தான் அவன் வாயைத் திறந்தான். நான் சரியாகப் பேசிய நாள் எல்லாம் அவன் அதே ரூமில்தான் இருந்திருக்கிறான்.

முதல் ரூமுக்குப் போனபோது சங்கடம் வந்தது. உறை வெடித்த சத்தம் அடங்கினதும் பெயின்ட் ஷாப்காரன் கேட்டான்.

"அண்ணாச்சி, திடீர்னு வந்து சொல்லுதியளே. யாருக்கும் கிழிஞ்சிட்டா?"

"அன்னைக்கு ரூம்ல இருந்த ஆளாத்தான் இருக்கணும்" என்றான் மூத்த சாத்தூர்க்காரன். விரலை மடக்க ஆரம்பித்தான். "நான் இல்ல. இவனுக ரெண்டு பேரும் இல்ல. மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டான். லோடுக்காரன் இங்கதான் இருக்கான்..."

அடுத்த விரல் டிரைவர். அவர் வேனில்தான் அவர்கள் தினம் வேலைக்குப் போகிறார்கள். இவர்கள் வாயில் விழுந்தால் ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்கப் போகும். வேன் போகும். அப்புறம் வீடு.

"எனக்குத்தான்" என்றேன்.

"உங்களுக்கா?"

"என் வூட்லதான் கீஞ்சிப் போச்சி. அதான் வந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயசு, முன்வழுக்கை, மூன்று பிள்ளை. பெயின்ட் ஷாப்காரன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணாச்சி, நீங்க ஆளு சும்மா இல்ல."

சிரித்தார்கள். விரல் மடக்கியவன் கையைப் பிரித்துவிட்டான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அது ஊரைச் சுற்றி ரேஷன் கடையில் என் சம்சாரம் காதுக்குப் போனது. சாப்பாடு போடும்போது கேட்டாள். "ஊர்ல இன்னான்னமோ பேசிக்கிறாங்க. இன்னாயா அது?"

"வேல விஷயம்."

"எனக்கே தெரியாம என் வூட்ல இன்னா நடந்துச்சின்னு நானும் தெரிஞ்சிக்கலாமில்ல."

"ஒண்ணும் நடக்கல."

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள். ரசத்தை ஊற்றினாள். அப்புறம் கேட்கவில்லை. யாரையோ காப்பாற்றுகிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

நம் வேலையில் பொய் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். மருந்து விஷயத்தில், ரப்பர் விஷயத்தில், ரத்த விஷயத்தில் ஒரு சொல் பொய் கூடாது. யாருடையது என்று கேட்டால், அடுத்தவன் தலையைக் காட்டிக் கொடுக்காதே. நம் தலையை வைத்துவிடலாம். அது நம்முடையது.

அறந்தாங்கிக்காரன் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள் அல்லவா. அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். உறை, எண்ணெய் யோசனை இரண்டையும் என்னிடமிருந்து கொண்டு போனவன். புதுப்பெண். அவனிடம் போன் இல்லை. சாத்தூர்க்காரனிடம் விலாசம் வாங்கிக் கார்டு போட்டேன். கார்டில் எப்படி எழுதுவது? போஸ்ட்மேன் படிப்பார். யோசித்து இப்படி எழுதினேன்: "தம்பிக்கு, நலம். நான் சொன்ன எண்ணெய் யோசனை தப்பு. எண்ணெய் பட்டால் ரப்பர் தாங்காது, வெடிக்கும். தடவ வேண்டாம். பஞ்சர் கடை அண்ணன்."

மாசக் கடைசியில் திரும்பி வந்தான். நேராக என்னைத் தேடி வந்தான்.

"கார்டு எங்கப்பா கையில கெடச்சிருச்சுண்ணே. அவரு சத்தமாப் படிச்சாரு. வீடு நெறைய ஆளு. படிச்சு முடிச்சுட்டு, பஞ்சர் கடைக்காரரு சரியாத்தான் சொல்றாரு, சைக்கிள் ட்யூபுல எண்ணெய் படாம பாத்துக்கடான்னாரு."

"நீ?"

"சரிப்பான்னேன்."

"அதில்ல. எண்ணெ?"

"இல்லண்ணே. தொடல. நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சிருச்சு."

அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். எடுத்தார்கள். இருவருக்கும் இல்லை.

தங்கச்சி வீட்டில் அந்த மூன்று மாசம் கஷ்டம். டிரைவர் வேனிலேயே படுக்க ஆரம்பித்தார். நான் பேசிப் பார்த்தேன்.

"வாணாண்ணா. நான் கிட்டப் போனாத்தான அவளுக்கு ஆபத்து. நானு தள்ளி இருந்துக்குறேன்."

"அவ சொன்னாளா தள்ளிப் போன்னு?"

"அவ சொல்ல மாட்டா."

அதை நான் தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் வேன் நிற்கிற புளியமரத்தடிக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். தலையணையையும் போர்வையையும் வண்டியிலிருந்து இழுத்து எடுத்தாள்.

"ரெண்டு வாரமா வண்டில பட்த்தா ஊரு இன்னான்னு கேக்கும்? நான் இன்னான்னு சொல்லட்டும்?"

"ரிசல்ட் வரட்டும்" என்றார் அவர்.

"ரிசல்ட்டு வர்ற வரைக்கும் என் புருஷன் எனக்கு வேணாமா?"

அவர் போர்வையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெதான் தப்பு. உறை தப்பு இல்ல. எண்ணெ வெக்காத ரெண்டும் கம்பில சாயந்தரம் வரைக்கும் தொங்கிச்சி, நான் பாத்தேன். நீ வூட்டுக்கு வா."

என்னைப் பார்த்து, "ணா, அந்த ஜெல்லு எங்க கெடைக்கும்?" என்றாள்.

வாலாஜாபாத்தில் ஒரு மெடிக்கல் கடையில் இருந்தது. அடுத்த பஸ்ஸில் போய் வாங்கி வந்து கொடுத்தேன்.

டெஸ்டைச் செய்தது மையம். நம்ப வைத்தது அந்த ஜன்னல் கம்பி. என்னை அவள் மறுபடி நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. உறையை நம்பினாள். அது போதும். நம்மை நம்ப வைப்பது நம் வேலை இல்லை. பொருளை அவர்கள் கையில் கொடுத்து அவர்களே பார்க்கும்படி விட்டுவிடுங்கள்.

மூன்று மாசம் ஆன திங்கட்கிழமை மூன்று பேரும் மையத்துக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். டிரைவர் வெளியே போய் ரெண்டு பீடி குடித்தார். அவள் அசையவில்லை. கையை மடியில் விரித்து வைத்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர் பெஞ்சில். நான் அதிகம் கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்கும் கும்பிடவில்லை. ஒன்பது ரூமையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன், யாராவது விட்டுப்போச்சா என்று.

கவுன்சிலர் கதவைத் திறந்து அவளை மட்டும் கூப்பிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. டிரைவர் எழுந்து நின்றார்.

"இல்ல" என்றாள்.

அவர் திரும்ப உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் தட்டினாள், குழந்தையைத் தட்டுவது போல. பிறகு என்னிடம் வந்தாள்.

"நாலாவதுணா. இன்னும் மூணு மாசம் கழிச்சி ஒண்ணு எடுக்கச் சொல்றாங்க. அப்பறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. நீ வரத் தேவல. நானே போயி எடுத்துக்குறேன்."

ஐந்தாவதும் இல்லை என்று வந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் நான் ரிசல்ட் கேட்கமாட்டேன். நாலு பேர் நிற்கிற இடம். எத்தனையாவது என்று மட்டும் கேட்பேன். அவள் எண்ணைச் சொல்வாள். எண் ஏறிக்கொண்டே போனால் நல்ல செய்தி. கிருமி வந்துவிட்டால் அந்த டெஸ்ட் அதோடு நின்றுவிடும். கூட நிற்கிறவர்கள் ஏதோ சீட்டுத் தவணை என்று நினைத்திருப்பார்கள்.

நடுவில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாக வர ஆரம்பித்தது. டிரைவர் அதில் சேர்ந்தார். இளைத்திருந்தவர் தேறினார். வேன் ஓட்டினார். மாத்திரை வந்த பிறகும் அவர்கள் உறையை விடவில்லை. அவள் விட விடவில்லை. ரப்பர் கம்பெனியில் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். புதிதாக வருகிற பெண்களிடம் அவளும் கையை மோந்து பார்க்கிறாளாம். டிரைவர் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஜன்னல் கம்பி டெஸ்டை மேடம் டிரெய்னிங்கில் சேர்த்தார். உங்களுக்கும் செய்து காட்டியிருப்பார்கள். யார் கண்டுபிடித்தது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லவும் கூடாது. ரப்பர் மேசையில் வேலை பார்த்த ஒரு பொம்பளை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரூமில் யாராவது கேட்டு உங்களுக்குத் தெரியவில்லை என்றால், "தெரியாது, நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மறுநாள் போய்ச் சொல்லுங்கள். அந்த மறுநாள்தான் முக்கியம். சொன்னது தப்பாகிவிட்டால் எத்தனை பேருக்குச் சொன்னோம் என்று எண்ணுங்கள். நைட் ஷிஃப்ட்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

முட்டி வலியில் நான் வேலையை விட்டு நின்றேன். அந்தக் கடைசி வாரம் பஸ் ஸ்டாப்பில் தங்கச்சியைப் பார்த்தேன். பக்கத்தில் மகள், பாவாடை தாவணியில், அவள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறப் போனாள். எத்தனையாவது என்று கேட்டேன். படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பிச் சொன்னாள்.

பதிமூணு.